ஹெலிகாப்டர் சேவையை வணிகமாக நடத்துவதில் உள்ள சிக்கல்கள் என்ன? இந்தியாவில் அதற்கு எதிர்காலம் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுடன் கேதார்நாத் சென்றபோது, ஃபாட்டா ஹெலிபேடில் எங்களைப் பையோடு சேர்த்து எடை இயந்திரத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். யாரை எந்த இருக்கையில் அமர்த்துவது என்று ஊழியர் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. பறந்ததோ பத்து நிமிடம்கூட இல்லை.

அந்த எடைக் கணக்கில்தான் இத்தொழிலின் சிக்கல் தொடங்குகிறது. கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறையக் குறைய இறகுகள் தூக்கும் திறனும் இன்ஜினின் ஆற்றலும் சேர்ந்தே குறைவதால், பெல் 407 போன்ற ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் ஏற்ற வழியில்லை. செலவோ குறைவதில்லை. பல பாகங்களை, நன்றாக இருந்தாலும், குறித்த மணி நேரம் பறந்ததும் கழற்றி மாற்றியே ஆக வேண்டும். அவை பெரும்பாலும் இறக்குமதி. கடன் தவணையும் காப்பீடும் பறக்காத நாளுக்கும் உண்டு. ஆகவே வானம் தெளிந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் முடிந்த மட்டும் நடைகளை அடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் 7 பேர் இறந்தனர். அவர்களில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே மீண்டும் 7 பேர்.

இதற்கு நேர்மாறானது கடல் எண்ணெய்த் தளச் சேவை. 1985இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ் முதன்மையாக ஓஎன்ஜிசியை நம்பி உருவான நிறுவனம். மும்பைக் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியுள்ள எண்ணெய் வயலுக்கு இரட்டை இன்ஜின், இரண்டு விமானிகளுடன் பறக்கிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் பறக்கும் நேரத்துக்கான கட்டணத்தோடு மாதாந்திர நிலைக்கட்டணமும் இருப்பது வழக்கம் என்பதால், வானிலை சரியில்லாத நாளில் விமானி மறுத்தாலும் நிறுவனம் முழுகிவிடாது. என் கணிப்பில் இந்தத் தொழில் நிலைப்பதும் இப்படிப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்களில்தான்: எண்ணெய்த் தளங்கள், அவசர மருத்துவம், சாலை துண்டிக்கப்படும் மலை மாநிலங்கள்.

யாத்திரைச் சந்தை சுருங்கவும் கூடும். சோன்பிரயாக்–கேதார்நாத் இடையே 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. பயணம் 36 நிமிடம் என்கிறார்கள். அம்மாவை அடுத்த முறை அதில்தான் அழைத்துச் செல்வேன்.

மின்சாரப் பறக்கும் டாக்சிகள் நகரத்துக்குள் குறுந்தூரம் ஓடலாம். ஆனால் எரிபொருள் தீரத் தீர ஹெலிகாப்டர் இலகுவாகும். பேட்டரியோ தீர்ந்த பிறகும் அதே எடை. கேதார்நாத் உயரத்துக்கு அது பயணிகளோடு ஏறும் என்று இப்போதைக்கு நான் நம்பவில்லை.