கோப்புகளை ஏற்றியும் 403 வருவது ஏன்?

கோத்தகிரி ஹோம்ஸ்டே தளத்தின் கோப்புகளை ஏற்றியபின் 403 பிழை (அனுமதி மறுப்பு) வருகிறது, சில படங்களும் தெரியவில்லை, மழை நேரத்தில் இணைப்பு பாதியில் அறுந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

403-க்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஃபோல்டரையே ஜிப் செய்திருப்பீர்கள். அதை விரித்தால் தளத்தின் முதன்மை ஃபோல்டரான பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகி, முகப்புப் பக்கமான இன்டெக்ஸ் கோப்பு அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். சர்வர் மேலே தேடிப் பார்த்துவிட்டுக் கதவை மூடிவிடுகிறது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலின் ஃபைல் மேனேஜரில் உள்ளே இருப்பவை அனைத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு படி மேலே நகர்த்துங்கள். அப்படியும் 403 வந்தால் அனுமதிகளை (யார் படிக்கலாம், எழுதலாம் என்பதைக் குறிக்கும் எண்களை) பாருங்கள்: ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. யார் சொன்னாலும் 777 வேண்டாம். அது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி.

படங்கள் விஷயம் வேறு. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. கேமரா தரும் பெயரில் கடைசியில் பெரிய எழுத்தில் 'ஜேபிஜி' இருக்கும், பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இணைப்பு அறுவதற்கு கோப்பு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான முறை வழியாக அனுப்புங்கள். முடிந்ததும் கீழே 'தோல்வியடைந்தவை' பட்டியலைத் திறந்து, அவற்றை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். தேயிலைத் தோட்டப் படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே பாதிச் சுமை குறைந்துவிடும்.

விரித்து முடித்த ஜிப்பை உடனே அழியுங்கள். முகவரி தெரிந்தால் யாரும் இறக்கிக்கொள்வார்கள்.