மலைச்சரிவில் புதைந்த பொருளைக் குழியில்லாமல் குறிவைப்பது: கேள்வி பதில்

தொலைந்த நகை, மண் மூடிய வால்வு என்று எதையாவது தேடி மெட்டல் டிடெக்டரோடு நீலகிரித் தோட்டங்களில் அலைவது என் வேலை. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி: தேயிலை பறிக்கும்போது மோதிரம் நழுவிவிட்டது. கருவி ஒலிக்கிறது, தோண்டினால் ஒன்றுமே இல்லை. மூன்று குழி போட்டாயிற்று. ஏன்?

அம்மா, நான்காவது குழி வேண்டாம். தேயிலையின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. அவை அறுபட்டால் செடி வாடும்.

கருவியின் அடியில் தரைக்கு மேலே வீசும் தட்டுதான் காயில். அது எந்த வகை என்று முதலில் பாருங்கள். வட்டக் காயிலில் ஒலியின் உச்சம் நடுப்புள்ளியில் கிடைக்கும். இரண்டு D வடிவச் சுருள்கள் சேர்ந்த டபுள் டி வகையில் முன்நுனியிலிருந்து பின்பக்கம் வரை நடுவே ஓடும் ஒரு கோடு முழுவதுமே கேட்கும். நீங்கள் காயிலின் நடுவில் தோண்டுகிறீர்கள், மோதிரம் நுனிக்கு நேராகக் கிடக்கிறது. மூன்று குழியும் வீணாகியிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இடவலமாக வீசி, ஒலி உச்சம் பெறும் கோட்டை மனதில் வையுங்கள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று, அதே இடத்தைக் குறுக்காக வீசுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். அடுத்து, காயிலைச் சிறிதாக ஆட்டியபடியே உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். ஒலி நிற்கும் கணத்தில் பொருள் காயிலின் முன்நுனியை ஒட்டிக் கிடக்கும். அந்த இடமும் குச்சியும் ஒத்துப்போனால் உள்ளங்கை அகலத்துக்குக் கிளறினாலே போதும்.

கையில் இருந்து நழுவிய மோதிரம் ஆழத்துக்குப் போயிருக்காது. சருகுக்கு அடியில் கிடக்கும். மேலாகக் கிடக்கும் பொருளின் ஒலி அகலமாகப் பரவி ஏமாற்றும். காயிலைச் சிறிது உயர்த்துங்கள், ஒலி குறுகும். இரும்பைத் தவிர்க்கும் அமைப்பைக் கூட்டி வைக்காதீர்கள். சிறிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணையே காட்டும். அதனால் தாள் என்று நினைத்து எதையும் ஒதுக்கக் கூடாது.

பூம்பாறையிலிருந்து: பூண்டு வயலின் சரிவில் குறி சரியாக வைக்கிறேன், குழி மட்டும் தவறுகிறது.

மலையில் வேலை செய்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. சரிவில் காயில் சரிவுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அது காட்டுவது தன் பரப்புக்கு நேர்குத்தான திசையை. நீங்களோ தூக்குக்குண்டு போல நேர் கீழே தோண்டுகிறீர்கள். 30 பாகைச் சரிவில் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் பொருள், உங்கள் குறியிலிருந்து 10 சென்டிமீட்டர் மேட்டுப்பக்கமாக இருக்கும். ஆகவே கடப்பாரையைச் சரிவின் பரப்புக்கு நேர்குத்தாகப் பிடியுங்கள். இல்லாவிட்டால் குழியின் மேட்டுச் சுவரைச் சுரண்டிப் பாருங்கள்.

நம் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. உலோகம் எதுவும் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் அசைத்து, மண்ணின் முணுமுணுப்பு அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண் தரும் ஒலியைக் கருவி ஒதுக்கும்படி சரிசெய்யுங்கள். வேறு பாத்திக்கு மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

கூடலூரிலிருந்து: நொடிக்கொரு முறை 'டிக்' என்று கேட்கிறது. எங்கே தோண்டினாலும் கிடைக்கவில்லை.

பக்கத்தில் சூரியசக்தி மின்வேலி இருக்கும். அது நொடிக்கு ஒன்றாக அனுப்பும் மின்துடிப்பைத்தான் கருவி கேட்கிறது. உணர்திறனைக் குறையுங்கள், போதவில்லையென்றால் தோட்டக்காரரிடம் சொல்லிப் பகலில் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களாக வேலியைத் தொட வேண்டாம். யானை வரும் பாதை என்றால் அந்த வேலியை நிறுத்தக் கேட்கவே கேட்காதீர்கள்.

குழி தோண்டியதும் ஒலி மறைந்துவிடுகிறதே?

மண்ணோடு பொருளும் வெளியே வந்திருக்கும். குவித்த மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் காயிலின் முன்னே காட்டுங்கள்.

தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. அங்கே தேடலாமா?

கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். உங்கள் சொந்த நிலத்திலேயே புதையல் கிடைத்தாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விடவும் என் மனதை வருத்துவது வேறொன்று. ஈமச் சின்னத்தில் ஒரு வெண்கலக் கிண்ணம் எந்தத் தாழியோடு, எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. பிடுங்கி எடுத்த கிண்ணம் வெறும் உலோகம். ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரியின் ஆணையராக இருந்த பிரீக்ஸ் அங்குள்ள ஈமச் சின்னங்களில் தோண்டியெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். கல்திட்டை அருகே எதேச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து: மண் மூடிய தண்ணீர் வால்வைக் கண்டுபிடிக்க முடியுமா?

குழாய் இரும்பு என்றால் எளிது. ஒலி ஒரு நீளக் கோடாக ஓடும். அந்தக் கோடு எங்கே தடிக்கிறதோ அங்கே பாருங்கள். பிளாஸ்டிக் குழாயைக் கருவி உணராது. அப்போது வால்வின் உலோகப் பகுதியை மட்டும் தேட வேண்டியிருக்கும். பழைய வரைபடமோ, குழாய் பதித்தவரின் நினைவோ இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.