ஒரே நஞ்சில் ரெட்டைப் பிள்ளை: கேள்வி பதில்

மதுரையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிற மருத்துவர் நான். ரெட்டைக் கருவில் வரும் நஞ்சுக்கொடிச் சிக்கல்கள் பற்றிக் கேளுங்கள். நஞ்சு என்று இங்கே சொல்வது, கருப்பையில் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஊட்டம் கொடுக்கும் அந்த நஞ்சுக்கொடியைத்தான்.

திருமங்கலத்திலிருந்து: டாக்டர், 12 வாரம். ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சு, பனிக்குடம் தனித்தனின்னு சொல்றாங்க. பயப்படணுமா?

பயம் வேண்டாம்மா, ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நஞ்சு என்றால் இரண்டு பிள்ளைகளின் ரத்தக்குழாய்களும் அதில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலும் போக்கும் வரவும் சமமாகவே ஓடும். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு அது குலைந்து, ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதன் பக்கமே போய்விடும். கொடுக்கிற பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றும். வாங்குகிற பிள்ளைக்கு நீர் பெருகி இதயம் திணறும். அதற்காகத்தான் 16வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து 19வது வாரத்தில் ஒரு பெண் வந்தார். ஒரே வாரத்தில் வயிறு இறுகி, சேலைக் கொசுவம் நிற்கவில்லை. "ரெட்டைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். திரையில் ஒரு பிள்ளை நிறைந்த நீரில் புரண்டுகொண்டிருந்தது. மற்றது சவ்வு சுற்றிக்கொண்டு கருப்பைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மூத்திரப்பை தெரியவேயில்லை. முதல் ஸ்கேன் தாளைப் புரட்டினேன், நஞ்சு ஒன்றா இரண்டா என்று யாரும் எழுதவில்லை. சென்னைக்கு அனுப்பி, இணைந்த குழாய்களை லேசரால் அடைத்தார்கள். ஒரு பிள்ளைதான் கைக்கு வந்தது.

11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சு எத்தனை என்று ஸ்கேன் தாளில் எழுதி வாங்குங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: ஒரே நஞ்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

நடுச்சவ்வு நஞ்சைத் தொடும் இடத்தைப் பார்ப்போம். அங்கே முக்கோணமாகத் தடித்திருந்தால் தனித்தனி நஞ்சு. மெல்லிய சவ்வு நேராக முட்டி நின்றால் ஒரே நஞ்சு. நாள் போகப் போக அந்த முக்கோணம் மங்கிவிடும்.

செல்லூரிலிருந்து: ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டதாலயா?

இல்லைம்மா.

அண்ணாநகரிலிருந்து: ரெண்டும் என்ன பிள்ளைன்னு சொல்வீங்களா?

மாட்டேன். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர் ஒருவர்: ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனா? பிள்ளைக்குக் கெடுதல் டாக்டர். எங்க காலத்துல ஸ்கேன் இல்லாமலே ரெட்டைப் பிள்ளை பெத்தாங்க.

அக்கா, ஸ்கேன் என்பது ஒலி அலை, எக்ஸ்ரே இல்லை. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை முதல் மூன்று மாதம் தேவையில்லாமல் போடமாட்டோம், அந்தக் கவனம் எங்களுக்கும் உண்டு. ஆனால் நீர் சரியாக இருக்கும்போதே ஒரு பிள்ளை ரத்தம் குறைந்து வெளுத்து, மற்றதற்கு ரத்தம் கெட்டிப்படுகிற சிக்கலும் இருக்கிறது. பிள்ளையின் மூளை ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளரில் அளந்தால்தான் அது தெரியும்.

அதே செவிலியர்: நான் பார்த்த பிரசவத்துல எத்தனையோ ரெட்டை நல்லாத்தான் பொறந்துச்சு.

பிறந்தவற்றை நீங்கள் கையில் ஏந்தினீர்கள் அக்கா. ஐந்தாம் மாதத்தில் வீட்டிலேயே கலைந்தது எத்தனை என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அதனால்தான் இதைக் கேட்கிறேன்.

பழங்காநத்தத்திலிருந்து: தொப்புள்கொடி நஞ்சுல சேராம சவ்வுல சேர்ந்திருக்குன்னு எழுதியிருக்காங்க.

ரெட்டைக் கருவில் இது கூடுதலாக வரும். கருப்பை வாய்க்குக் குறுக்கே ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் வலி வரும்வரை விடக்கூடாது. பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழிந்தால் போவது பிள்ளையின் ரத்தம். முன்கூட்டியே சிசேரியன் செய்வார்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: ஒரே நஞ்சான்னு எப்படித் தெரியும்?

வாடிப்பட்டி அம்மாவுக்குச் சொன்னதுதான். 14 வாரத்துக்குள் எழுதி வாங்குங்கள்.

விளாங்குடியிலிருந்து: எனக்குச் சர்க்கரை இருக்கு, சாப்பாடு என்ன?

சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: 21 வாரம், ஒரே நஞ்சு. மூணு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கு, மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. திங்கக்கிழமை செக்கப் வரைக்கும் இருக்கலாமா?

வேண்டாம்மா. இப்போதே கிளம்புங்கள். ஸ்கேன் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் "ரெட்டை, ஒரே நஞ்சு, மூணு நாளா வயிறு இறுகுது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.