பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டினால் பயோட்டின் எதற்கு?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வயது 29. குழந்தை பிறந்து நான்கு மாதம். தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. மெடிக்கலில் வைட்டமின் குறைபாடு என்று பயோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். லேபில் முழு உடல் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். அத்தை மூலிகை எண்ணெய் போதும் என்கிறார். நான் என்ன செய்ய?"

பயப்படாதீர்கள், வழுக்கை விழாது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் உதிரவிடாமல் பிடித்து வைத்திருந்த முடியெல்லாம், பிரசவமான சில மாதங்களில் ஒரே சமயத்தில் கொட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானே சரியாகும். நெற்றியோரம் குட்டையாகப் புதுமுடி எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் அது வேறு கதை, நேரில் காட்ட வேண்டும்.

உங்களுக்குப் பார்க்க வேண்டியது இரும்புச் சத்து. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், அப்புறம் பத்தியம் என்று மீனையும் கீரையையும் வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டும் டெஸ்ட் ஃபெரிட்டின். அது 30-க்குக் கீழே இருந்தால், முடி கொட்டும் பெண்ணுக்கு நாங்கள் இரும்பு மாத்திரை எழுதுவோம். எழுபது எண்பது டெஸ்ட் என்று விற்கும் பேக்கேஜில் இந்த ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் இருக்காது. ஃபெரிட்டின், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 போதும். மிச்சமெல்லாம் அனுப்பி வைத்தவருக்குப் போகும் கமிஷனுக்காக.

கர்ப்பமாக இருக்கும்போது மாதாமாதம் கூப்பிட்டு ரத்தம் பார்க்கிறோம். பிள்ளை பிறந்ததும் தடுப்பூசி அட்டையோடு சரி, தூக்கி வரும் தாய்க்கு ரத்தம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதாக இல்லை.

பயோட்டின் விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது 35 மைக்ரோகிராம். கடையில் தரும் மாத்திரை பெரும்பாலும் 10 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட முந்நூறு மடங்கு. பயோட்டின் குறைபாடே அபூர்வம். கூடுதலாகப் போனது சிறுநீரில் வெளியேறிவிடும் என்றாலும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். பல லேப் மெஷின்களில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் காட்டும். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு உண்மையிலேயே தைராய்டு கோளாறு வரும், அதனாலும் முடி கொட்டும். எது நிஜம், எது மாத்திரை வேலை என்று பிரிக்கவே முடியாது. இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடுவார்கள். அதனால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். நிறுத்தியதை அப்படியே விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. 'ஹேர் விட்டமின்' என்று வரும் கலவைகள் சிலவற்றில் வைட்டமின் ஏ இருக்கும். அது அளவுக்கு மிஞ்சினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும்.

இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். இரண்டையும் சேர்த்து ராத்திரி பாலோடு விழுங்குகிறீர்களா? அப்படியானால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காலையில் இரும்பு, ராத்திரி கால்சியம் என்று பிரித்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். நெல்லிக்காய் நல்லது. அசைவம் என்றால் கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேட்டு வாங்கி வதக்கிச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரையை விட அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

அத்தையின் எண்ணெய்? கரிசலாங்கண்ணியோ செம்பருத்தியோ வீட்டில் காய்ச்சியது என்றால் தேயுங்கள், முடி உடைவது குறையும், அவருக்கும் சந்தோஷம். ரத்தத்தில் இல்லாத இரும்பை எண்ணெய் தராது. ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்து பாட்டில் வாங்க வேண்டாம். தவணையில் ஊசி சிகிச்சை என்று கையெழுத்துக் கேட்கும் கிளினிக்குகளில் போடவே போடாதீர்கள், தானாக வளரப்போகும் முடிக்கு அவர்கள் பில் போடுவார்கள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகியும் நிற்கவில்லை என்றால் மதுரை பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ரிப்போர்ட்டும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.