பதினைந்து கரண்ட் போதுமா? – கேள்வி பதில்

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்தது புதுச்சேரியில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். டாக்டர் இல்லை. எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதைச் சேர்க்கலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. மெஷின், மாஸ்க், கரண்ட் (கதிர்வீச்சை நம் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள்) வைக்கிற நாட்கள், ஆஸ்பத்திரி நடைமுறை இவற்றைக் கேளுங்கள். வந்த வரிசையில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அக்கா, அம்மாவுக்கு மார்பகப் புற்று. ஆபரேஷனும் கீமோவும் முடிந்துவிட்டன. பல வருடங்களுக்கு முன் பெரியம்மாவுக்கு இதே நோய்க்கு 25 கரண்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு 15 போதும் என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் குறைத்துவிட்டார்களா?

நல்ல கேள்வி. கேட்கத் தயங்கி மனசுக்குள்ளேயே புழுங்குகிறவர்கள் நிறைய பேர். பெரியம்மாவுக்கு அநேகமாக 50 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு) கொடுத்திருப்பார்கள், ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 25 நாள். அம்மாவுக்கு 40 கிரே, 15 நாள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.67 கிரே வரும். தினசரி அளவு கூடியிருக்கிறது, நாட்கள் குறைந்திருக்கின்றன. மொத்தம் 40 தானே என்று தோன்றும். ஒரே தடவையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும்போது மார்பகப் புற்றுச் செல்கள் அதிகமாக அடிபடுகின்றன. அதனால் குறைந்த மொத்த அளவே அதே வேலையைச் செய்துவிடுகிறது.

இது செலவைக் குறைக்க யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் ‘ஸ்டார்ட்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். அதன் பத்து வருட முடிவு 2013-ல் வந்தது. 15 நாள் வைத்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. மார்பு சுருங்குவது, தோல் தடிப்பது போன்ற தொந்தரவுகளும் குறைவாகவே இருந்தன. கனடாவில் 16 நாள் வைத்துப் பார்த்த ஆய்வும் 2010-ல் இதையே சொன்னது. 2020-ல் ஐந்தே நாளில் 26 கிரே என்ற அளவுக்குப் போய்விட்டார்கள். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து போவதே ஆபத்தாக இருந்ததால் இந்தக் குறுகிய முறைகள் வேகமாகப் பரவின.

நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற வீட்டுக்கு ஐந்து வாரம் என்பதற்கும் மூன்று வாரம் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கூட வருகிறவரின் கூலி போகிறது, வெளிச்சாப்பாடு, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலை வேறு. மெஷினில் பத்து நாள் இடம் காலியானால் வரிசையில் காத்திருக்கிற இன்னொருவருக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கும். மார்பை மறுசீரமைப்பு செய்தவர்கள் போன்ற சிலருக்கு இன்னும் 25 வைப்பதுண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்வார். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், கடைசியில் பூஸ்ட் (கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் கரண்ட்) உண்டா என்று மூன்றையும் அவரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பித்தபின் நடுவில் நாள் விடாதீர்கள்.

பண்ருட்டியிலிருந்து: கரண்ட் வைத்துவிட்டு வரும் அப்பா பேரனைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கதிர்வீச்சு, மெஷின் நின்றதும் முடிந்தது. உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் குடிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மட்டும் வேறு கதை. அதற்குத் தனி விதிகள் உண்டு.

பரங்கிப்பேட்டையிலிருந்து: அப்பாவுக்கு வாய்ப்புற்று. கரண்ட் வைக்கும் முன் நான்கு பற்களைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். அதற்கே இரண்டு வாரம் ஆகுமாம். மாஸ்க் என்கிறார்கள், அப்பாவுக்கு மூச்சு முட்டுமோ என்று பயம்.

பல்லில் முதலில் தெளிவாகிவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு எச்சில் குறையும், சொத்தை வேகமாகப் பரவும். தாடை எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். அப்போது பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். ஆகவே கெட்ட பல்லை இப்போதே எடுத்து, ஈறு ஆற 10 முதல் 14 நாள் கொடுப்பது வழக்கம். அந்த நாட்கள் வீணில்லை, எங்கே, எவ்வளவு கதிர் என்று திட்டமிடும் பிளானிங் வேலையை அதற்குள் பார்ப்பார்கள். பிறகு எப்போது பல் பிடுங்க நேர்ந்தாலும், பத்து வருடம் கழித்தானாலும், கரண்ட் வைத்த தாடை என்று பல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மாஸ்க் என்பது தலை அசையாமல் பிடித்துக்கொள்ள, துளைகள் நிறைந்த வெள்ளைத் தகடு. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் ஈரத்துணி போல் இளகிவிடும். அதை எடுத்து முகத்தில் விரித்து, இரண்டு பக்கமும் மேசையோடு சேர்த்து கிளிப் போடுவோம். முதலில் இளஞ்சூடாக இருக்கும், சில நிமிடத்தில் ஆறி இறுகிவிடும். துளை வழியாக நன்றாக மூச்சு விடலாம். குறி போடுவது பெரும்பாலும் மாஸ்க் மேல்தான், முகத்தில் இல்லை. தாடி வைத்திருந்தால் மாஸ்க் செய்யும் முன்பே மழித்துவிடச் சொல்லுங்கள். நடுவில் மழித்தால் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும். உடம்பு இளைத்தாலும் அப்படித்தான் ஆகும், புதிதாக மாஸ்க் எடுத்துத் திரும்ப பிளான் போட வேண்டிவரும். அதனால் கஞ்சியோ முட்டையோ, எது இறங்குகிறதோ அதைக் கொடுத்து எடையைக் காப்பாற்றுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோ தேவைப்படாதாமே?

தேவைப்படும்.

லாஸ்பேட்டையிலிருந்து: 15 கரண்ட் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியாது. என் மனைவிக்குத் தனியாரில் 25 வைத்தார்கள், நன்றாக இருக்கிறாள். காப்பீட்டில் பணம் குறைவாக வருவதால்தான் 15. தவிர, அரசு இடங்களில் பழைய கோபால்ட் மெஷின் வேறு.

உங்கள் மனைவி நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அதை வைத்து 15 தவறு என்று சொல்ல முடியாது. இதைப் பார்த்துவிட்டு திருவந்திபுரத்திலிருந்து ஒருவர், “என் மாமியாருக்கு 15 தான் வைத்தார்கள், அவரும் நலம்” என்று உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார். அதை வைத்து 15 சரி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக் கதையால் வெட்ட முடியாது, அதற்குத்தான் ஆய்வு. நாட்களைக் குறைத்துக் காட்டியவர்கள் பிரிட்டன்காரர்கள், அவர்களுக்கும் நம் காப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு கரண்டுக்கும் தனித்தனியாகப் பில் போடுகிற இடத்தில் நாட்கள் கூடினால் யாருக்கு லாபம் என்பதையும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கோபால்ட் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்த மெஷினுக்குள் இருந்து கதிரைத் தருகிற கோபால்ட்-60 என்ற உலோகம் ஐந்தே கால் வருடத்தில் பாதி வலுவை இழக்கும். அதற்காக உங்களுக்கு டோஸ் குறையாது. மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும் நேரம்தான் கூடும், அதைக் கணக்குப் போட்டுத் திருத்த இயற்பியலாளர் இருக்கிறார். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கும், பக்கத்து உறுப்பைக் காப்பாற்ற வேண்டிய இடத்துக்கும் லீனாக் (மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் மெஷின்) மேல், சந்தேகமில்லை. ஆனால் லீனாக்குக்கு நிலையான மின்சாரம் வேண்டும், ஏ.சி. வேண்டும், பழுதானால் என்ஜினீயர் வர வேண்டும். கோபால்ட் அவ்வளவு படுத்தாது. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமே ‘பாபாட்ரான்’ என்று கோபால்ட் மெஷினை உருவாக்கியிருக்கிறது. லீனாக் கிடைக்க மூன்று மாதம் காத்திருப்பதா, கோபால்ட்டில் அடுத்த வாரம் ஆரம்பிப்பதா என்று கேட்டால், பல நோய்களில் நான் அடுத்த வாரத்தைத்தான் சொல்வேன்.

மீண்டும் லாஸ்பேட்டை: அப்படியானால் பணக்காரர்கள் ஏன் 25 வைத்துக்கொள்கிறார்கள்?

பணக்காரர்களுக்கும் இப்போது 15 தான் வைக்கிறார்கள் ஐயா. விசாரித்துப் பாருங்கள்.

விருத்தாசலத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்றவர்: கர்ப்பப்பை வாய்ப் புற்று. 18 கரண்ட் ஆகிவிட்டது. தங்கைக்குக் கல்யாணம். ஒரு வாரம் விட்டுவிட்டு வந்து தொடரலாமா?

கூடாது அம்மா. உங்கள் நோயில் வெளிக் கரண்ட், வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்ளே வைக்கிற கரண்ட் எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடைவெளி விட்டால் தப்பிப் பிழைத்த செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். தலை, கழுத்துப் புற்றிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு நாள் நீட்டிப்புக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டுவிட்டு வந்து ‘பழையபடி தொடரலாம்’ என்று நினைப்பதுதான் என் அனுபவத்தில் பெரிய வில்லன்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையா? கரண்ட் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். வெள்ளி மதியம் முடித்துவிட்டுப் போங்கள், தாலி கட்டுவதைப் பாருங்கள், திங்கள் காலையில் வந்துவிடுங்கள். முகூர்த்தம் வார நாளில் என்றால் இப்போதே டெக்னீஷியனிடம் சொல்லி அன்றைக்கு அதிகாலையில் முதல் ஆளாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் சாலை துண்டிக்கப்பட்டது. அப்படி நம் கையில் இல்லாத காரணத்தால் நாள் விட்டுப்போனால், அதை எப்படி ஈடுகட்டுவது என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். சனிக்கிழமை வைக்கலாம், ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு வைக்கலாம்.

திண்டிவனம், அரியாங்குப்பம், இன்னும் மூன்று பேர்: கரண்ட் வைப்பவர் பக்கத்தில் படுக்கலாமா, தட்டைத் தனியாக வைக்க வேண்டுமா, கர்ப்பிணிகள் தொடலாமா?

பண்ருட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தட்டைத் தனியாக வைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வில்லியனூரிலிருந்து: கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகிறது. நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல் 101. காலையில் பாராசிட்டமால் கொடுத்தோம், இறங்கிவிட்டது. நாளைக்கு ஓ.பி.யில் காட்டினால் போதுமா?

போதாது. இதைப் படித்ததும் கிளம்புங்கள், அவசரப் பிரிவுக்கு. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் இவை. காய்ச்சல் 100.4 தொட்டாலே போக வேண்டும். ‘கீமோ நோயாளி, காய்ச்சல்’ என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

சிதம்பரத்திலிருந்து: மாமாவுக்கு வாய்ப்புற்று முற்றிவிட்டது. இம்யூனோதெரபிக்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

மருந்து என் துறை இல்லை. ஆனால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வெறும் 20 மில்லிகிராம் வீதம் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு 240. ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், நிவோலுமாப் சேர்க்காதவர்களில் 16 சதவீதம், சேர்த்தவர்களில் 43. மாமாவுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பாகூரிலிருந்து: அப்பாவுக்கு வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கட்டம் என்று அர்த்தமா?

இல்லை, வலி அதிகம் என்று அர்த்தம். சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்து வாங்குங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிதாக்கிய பிறகும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை புதுச்சேரியில் செல்லுமா?

எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சை என்பதைப் பொறுத்தது. பதிவு போடும் முன்பே அந்தந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நெய்வேலியிலிருந்து: இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ரயிலில் சலுகை உண்டா?

உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரயில்வே கவுண்டரில் கொடுங்கள். பயாப்சி ரிப்போர்ட் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எடுத்த சதையை வைத்த ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேபில் இருக்கும், எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வெயிலில் பஸ் கண்ணாடி ஓரம் வைத்தால் பிளாக் உருகிவிடும், கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.