பக்கத்து வீட்டு ஆண்ட்டி ‘ஷேம்’ என்றது ஏன்?

கேள்வி: திருமணமாகி நாகப்பட்டினத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறோம். வெயில் தாளாமல் என் கைக்குழந்தையை வெறும் ஜட்டியோடு வாசலில் உட்கார வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆண்ட்டி எட்டிப் பார்த்து, “ஆ, ஷேம்!” என்றார். அன்றிலிருந்து அவரிடம் நான் பேசுவதில்லை. என் கணவர் சிரிக்கிறார். நான் செய்தது தவறா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

துணியில்லாமல் ஓடும் பிள்ளையை “ஷேம் ஷேம் பப்பி ஷேம்” என்று கேலி செய்யும் ஊரில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த அம்மையார் உங்கள் குழந்தையைக் கேலி செய்யவில்லை, கொஞ்சினார். சிரித்த உங்கள் கணவர் இதையும் சொல்லியிருக்கலாம்.

தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் தனித்து வரும் ‘ஷேம்’ பெரும்பாலும் இரக்கத்தையோ வாஞ்சையையோ காட்டும். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும், மின்வெட்டால் சமையல் பாதியில் நின்றுபோனவருக்கும், முதல் நாள் பள்ளிச் சீருடையில் தொளதொளவென்று நிற்கும் பிள்ளைக்கும் அதே ‘ஷேம்’தான். குழந்தையைப் பார்த்துச் சொல்லும்போது குரல் குழைந்து, சொல் சற்று நீளும். இந்நாட்டின் அஃப்ரிகான்ஸ் மொழியிலும் இதே விந்தை உண்டு: ‘ஃபுய்’ என்றால் “சீ, வெட்கக்கேடு”; அதனோடு ‘டோக்’ சேர்ந்துவிட்டால் “அடடா, பாவம்” என்றாகிவிடும். நாம் மட்டும் என்ன, நரகத்துக்கு அனுப்பும் ‘பாவம்’ என்ற சொல்லைத்தானே மழையில் நனைந்த பூனைக்குட்டிக்கும் சொல்கிறோம்?

அந்த ஆண்ட்டி தமிழ்க் குடும்பத்தவராகவே இருந்தாலும், உங்கள் ஊர்க் கேலி அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்கு இன்று ஆங்கிலமே வீட்டு மொழி. அதுவும் இந்த மண்ணில் விளைந்த ஆங்கிலம்.

நீங்களும் தாராளமாக இச்சொல்லைப் பயன்படுத்தலாம். ஆனால் ‘ஷேம் ஆன் யூ’ என்பது இங்கும் கண்டனமே. துக்க வீட்டுக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் வெறும் ‘ஷேம்’ மிக இலேசாக ஒலிக்கும். லண்டனிலோ சென்னையிலோ உள்ளவர்களோடு பேசும்போது இதைத் தவிர்ப்பதே நல்லது; அங்கே குழந்தையைப் பார்த்து இப்படிச் சொன்னால், நீங்கள் பட்ட வருத்தத்தை அந்தத் தாயும் படுவாள்.

இனி ஆண்ட்டியின் விஷயம். அவர் உங்களை ஏசவில்லை என்பதால், சமாதானம் பேசப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அடுத்த முறை அவர் வாசலில் நிற்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டால், ‘பப்பி ஷேம்’ கதையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்டதும் அவர் “ஷேம்!” என்றுதான் சொல்வார், இம்முறை அது உங்களுக்காக.