தோல்வியே இல்லாத கணக்கை நம்பி முதலிடம் தரலாமா?

வாசகர் கேள்வி: குத்துச்சண்டை ஆர்வலர்களான நாங்கள் சிலர் சேர்ந்து, 168 பவுண்டு எடைப்பிரிவான சூப்பர் மிடில்வெயிட்டில் எக்காலத்துக்கும் சிறந்த ஐவர் யார் என்று வாக்களிக்க இருக்கிறோம். ஜோ கால்சாகி 46 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. 21 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது என் எண்ணம். மற்றவர்களோ ஆண்ட்ரே வார்ட், ராய் ஜோன்ஸ், கனேலோ அல்வாரெஸ் என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். என் வாக்குச்சீட்டை எப்படி நிரப்புவது?

பதில்: முதலிடம் வார்டுக்கு, இரண்டாமிடம் கால்சாகிக்கு, மூன்றாமிடம் ஜோன்ஸுக்கு என்பதே என் பரிந்துரை. கால்சாகிக்கு முதலிடம் தர உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த இரண்டு எண்களைக் காரணமாகக் காட்டித் தராதீர்கள். அவை இரண்டும் இந்தத் தொழிலில் மிக எளிதாக உருவாக்கித் தரக்கூடிய எண்கள்.

முதலில் அந்த 21-ஐப் பாருங்கள். கால்சாகி பட்டம் வைத்திருந்த அதே காலத்தில், 1998 அக்டோபர் முதல் 2004 வரை, ஜெர்மனியின் ஸ்வென் ஓட்கே என்பவரும் அதே எடைப்பிரிவில் வேறொரு அமைப்பின் உலகச் சாம்பியனாக இருந்தார். அவரும் 21 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். 34 சண்டைகளில் 34 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். உங்கள் அளவுகோலின்படி இருவரும் ஏறத்தாழச் சமம். ஆனால் ஐந்தாண்டுகளுக்கு மேல் இருவரும் சாம்பியன்களாக இருந்தும் ஒருமுறைகூட ஒருவரையொருவர் சந்திக்கவில்லை. இருவரில் மேலானவர் யார் என்பதற்கு ஓரளவு விடை சொல்லக்கூடியவர் பைரன் மிட்செல் என்ற அமெரிக்கர். 2003 மார்ச்சில் பெர்லினில் ஓட்கே அவரை நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில்தான் வென்றார். அதே ஆண்டு ஜூனில் கார்டிஃபில் அதே மிட்செல் இரண்டாம் சுற்றில் கால்சாகியைத் தரையில் வீழ்த்தினார். எழுந்து நின்ற கால்சாகி அந்தச் சுற்று முடிவதற்குள் சரமாரியாகக் குத்தி மிட்செலின் சண்டையை முடித்துவிட்டார். அந்த ஒரு சுற்று கால்சாகியைப் பற்றிச் சொல்வதை 21 என்ற எண் ஒருபோதும் சொல்லாது.

பட்டங்களை எண்ணுவதில் நான் ஏன் இவ்வளவு எச்சரிக்கை காட்டுகிறேன் என்றால், பட்டங்களைத் தருபவர்கள் யார் என்பதைப் பெரும்பாலான ரசிகர்கள் கேட்பதே இல்லை. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் பட்டச்சண்டைக்கு அனுமதி தந்து வீரரின் வருமானத்திலிருந்து கட்டணம் பெறுகிறது. பட்டச்சண்டைகள் பெருகப் பெருக அவர்களுக்கு வருமானம் பெருகும். ஒரு வீரரை வளர்த்து, அவருடைய சண்டைகளை ஏற்பாடு செய்யும் ப்ரமோட்டருக்கோ, நான்கில் எளிதான ஒன்றைப் பிடித்து, சொந்த ஊர் அரங்கில், ஆபத்தில்லாத எதிராளிகளை வரவழைத்து, 'உலகச் சாம்பியன்' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் டிக்கெட் விற்பது நல்ல வியாபாரம். கனேலோ நான்கு பட்டங்களையும் வைத்திருந்த ஆண்டுகளிலேயே, டபிள்யூ.பி.ஏ. அதே எடையில் டேவிட் மொரெலையும் 'வழக்கமான' சாம்பியன் என்று அழைத்துவந்தது. 2024-இல், தன் பட்டியலில் முதல் இடத்தில் இருந்த வில்லியம் ஸ்கல்லோடு மோதவில்லை என்பதற்காக ஐ.பி.எஃப். கனேலோவின் பட்டத்தைப் பறித்தது. காலியான பட்டத்தை ஸ்கல் வென்றார். 2025 மே மாதம் ரியாத்தில் கனேலோ அவரைத் தோற்கடித்து அதைத் திரும்ப வாங்கினார். ஓராண்டுக்கும் குறைவான இந்தச் சுற்றில் 168 பவுண்டில் யார் சிறந்தவர் என்ற கேள்வியில் ஒரு துளிகூட மாற்றமில்லை. ரசிகர்களின் பணமும் நேரமும்தான் போயின. இதை ஒழுங்குபடுத்த எவருக்கும் அதிகாரமில்லை என்பது இந்த விளையாட்டுக்குப் பெரும் அவமானம்.

தோல்வியின்மையும் அப்படித்தான். 2020 டிசம்பருக்கும் 2021 நவம்பருக்கும் இடையில் கனேலோ தோற்கடித்த கேலம் ஸ்மித், பில்லி ஜோ சாண்டர்ஸ், கேலப் பிளான்ட் ஆகிய மூவரும் அதுவரை தோல்வி அறியாதவர்கள், மூவரும் சாம்பியன்கள். பதினோரு மாதத்தில், தோல்விக் கணக்கில் இருந்த மூன்று பூச்சியங்கள் உடைந்தன. ஒருவரது கணக்கில் தோல்வி இல்லை என்றால், அவரைத் தோற்கடிக்கக்கூடியவரை அவர் இன்னும் சந்திக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலும், கால்சாகியின் 46-இல் கடைசி இரண்டும், அதாவது 2008-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸையும் வயதேறிய ராய் ஜோன்ஸையும் வென்ற சண்டைகள், அடுத்த மேல் எடைப்பிரிவான லைட் ஹெவிவெயிட்டில் நடந்தவை. உங்கள் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவர் 168 பவுண்டில், அன்றைக்கு அந்த எடையில் முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தவர்களை, அவர்கள் நல்ல நிலையில் இருந்தபோது வென்றாரா?

இந்தக் கேள்விக்கு வார்டின் பதிலே தெளிவானது. 2009-இல் தொடங்கிய 'சூப்பர் சிக்ஸ்' போட்டி, ப்ரமோட்டர்களின் தயவை எதிர்பாராமல் முன்னணி வீரர்களை மோதவைத்த அபூர்வமான ஏற்பாடு. இடையில் மூவர் விலகினார்கள் என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் வார்ட் முதல் சண்டையிலேயே மிக்கேல் கெஸ்லரை ஒருதலைப்பட்சமாக வென்று பட்டம் பெற்றார், பின்னர் ஆர்தர் ஆபிரகாமை வென்றார், 2011 டிசம்பர் 17 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்த இறுதியில் கார்ல் ஃப்ராச்சை வென்றார். அந்தச் சண்டையை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃப்ராச் தன் நீண்ட கைகளை வீச இடம் கிடைப்பதற்கு முன்பே வார்ட் இடது கையால் குத்திவிட்டு நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிவிடுகிறார். விலகும்போது இன்னொரு குத்து. நடுவர்கள் இருவர் வார்டுக்குச் சாதகமாக 115-113 என்றே புள்ளி எழுதினார்கள், ஒருவர் 118-110. நான் மூன்றாமவரோடு உடன்படுகிறேன்.

கால்சாகிக்கு இரண்டு இரவுகள் உண்டு. 2006 மார்ச்சில் மான்செஸ்டரில், அமெரிக்கத் தரப்பு பெரிதாக நம்பியிருந்த ஜெஃப் லேசியைப் பன்னிரண்டு சுற்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குத்துகளை வீசி நிலைகுலையச் செய்தார். 2007 நவம்பரில் கார்டிஃபில், 39 சண்டைகளில் தோல்வியறியாத கெஸ்லரை வென்றார். வார்ட் இரண்டாண்டுகள் கழித்துக் கெஸ்லரைச் சந்தித்தபோது, அவர் ஏற்கெனவே கால்சாகியிடம் ஒருமுறை தோற்றவர் என்பதை உங்கள் தரப்பு வாதமாக நீங்கள் தாராளமாக வைக்கலாம். அது வலுவான வாதம். ஆனால் பத்தாண்டுக்கும் மேலான ஆட்சியில் இத்தகைய இரவுகள் இரண்டுதான், இரண்டும் பிரிட்டனில்தான்.

ஜோன்ஸ் விஷயத்தில்தான் என் அளவுகோல் சிக்கலாகிறது, அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் இந்த எடையில் ஆடிய பட்டச்சண்டைகள் ஆறு மட்டுமே. 1994 நவம்பரில் தொடங்கி 1996-இல் முடிந்துவிட்டன. ஆனால் முதல் சண்டை ஜேம்ஸ் டோனியோடு, லாஸ் வேகஸில். டோனி 46 சண்டைகளில் தோற்றதில்லை, அந்நாளில் எந்த எடையிலும் மிகத் திறமையான சிலரில் ஒருவராக மதிக்கப்பட்டவர். மூன்றாம் சுற்றில் ஜோன்ஸ் கைகளைத் தாழ்த்தி நிற்க, டோனியும் அவரைப் போலவே கைகளைத் தாழ்த்திப் பாவனை செய்தபோது, தாவி விழுந்த ஒரு இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, டோனியை வீழ்த்தியது. மூன்று நடுவர்களும் மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜோன்ஸுக்கே தந்தார்கள். டோனி எடையைக் குறைக்கத் திணறி வந்தார் என்பதும் உண்மை. எனவே இந்த வெற்றியில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கழித்த பிறகும், 168 பவுண்டில் ஓர் இரவில் ஒருவர் காட்டிய மிக உயர்ந்த ஆட்டம் அதுதான். மற்ற ஐந்தில் டோனிக்கு நிகரானவர் யாருமில்லை. எரிக் லூகாஸை எதிர்த்த நாளில் பகலில் தொழில்முறை கூடைப்பந்தும் ஆடிவிட்டு வந்து வென்றார் என்றால், அந்த எதிராளிகள் அவரை எவ்வளவு சோதித்திருப்பார்கள் என்று நீங்களே கணிக்கலாம். உச்சத்தை மட்டும் அளப்பதானால் அவருக்கே முதலிடம். சாதனையை அளப்பதானால் மூன்றாமிடம். உங்கள் குழு எதை அளக்கிறது என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஜோன்ஸைப் பற்றிய வாதம் இரவு முழுவதும் ஓயாது.

நான்காமிடத்துக்குக் கனேலோ. இந்த எடையில் நான்கு பட்டங்களையும் முதன்முதலாக ஒன்றுசேர்த்தவர் அவர். ஆனால் அதே எடையின் முன்னணி வீரரான டேவிட் பெனாவிடெஸை அவர் சந்திக்காமலேயே இருந்துவிட்டார். 2025 செப்டம்பரில், இரண்டு எடைப்பிரிவு தாண்டி வந்த டெரன்ஸ் கிராஃபோர்டிடம் தோற்றார். கிராஃபோர்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இந்த எடையில் அவருக்கு அந்த ஒரு வெற்றிதான்.

ஐந்தாமிடத்தை ஃப்ராச்சுக்குத் தாருங்கள். கெஸ்லரிடமும் வார்டிடமும் தோற்றவர்தான். ஆனால் வார்டிடம் தோற்ற அடுத்த சண்டையிலேயே, 30 சண்டைகளில் தோல்வியறியாத லூசியன் பூட்டேயை நாட்டிங்ஹாமில் ஐந்து சுற்றில் முடித்தார், மறு ஆண்டு கெஸ்லரைத் திரும்பச் சந்தித்து வென்றார்.